அமெரிக்கா – ரஷ்யா: மறுபடியும் மூண்ட பகைக்கு யார் பொறுப்பு?

பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பனிப்போர் 1991இல் முடிந்துவிட்டது என்றார்கள். பிறகு எப்படி அமெரிக்காவும் ரஷ்யாவும் மறுபடி எதிரும் புதிருமாக வந்து நின்றன? நேட்டோ என்ற தன் ராணுவக் கூட்டணியை ரஷ்யாவின் வாசல் வரை கொண்டுவந்த அமெரிக்காவைக் குறை சொல்வதா, உக்ரைன்மேல் படையெடுத்த புதினைக் குறை சொல்வதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு நாடுகளுக்கும் இடையே நம்பிக்கை கெட்டுப்போனதில் அமெரிக்காவின் பங்கு பெரியது. அந்தக் கசப்பைப் போராக மாற்றியது ரஷ்யா. அந்தப் பொறுப்பை அது யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. "ஒரு கை தட்டினால் ஓசை வருமா" என்று சொல்லி இரண்டையும் சமமாக்குவது பலருக்கு நடுநிலையாகத் தெரிகிறது. எனக்கு அது பதில் சொல்லாமல் நழுவுவதாகவே படுகிறது. மனக்கசப்பு உண்டாக்குவது ஒரு தப்பு, அடுத்தவன் ஊரைக் குண்டு போட்டு அழிப்பது வேறொரு தப்பு. முதல் தப்பைக் காட்டி இரண்டாவதைக் கழித்துவிட முடியாது.

இந்த வழக்கை எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதிலேயே தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிடும். 2022இல் தொடங்கினால் ரஷ்யா மட்டுமே தெரியும். 1999இல் தொடங்கினால் அமெரிக்கா மட்டுமே தெரியும். நான் 1994 டிசம்பர் 5ஆம் தேதியை எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யாவின் மனக்குறையும், ரஷ்யா தன் கையால் எழுதிக்கொடுத்த வாக்கும் ஒரே நாளில், ஒரே ஊரில் பதிவாகியிருக்கின்றன என்பதுதான் காரணம்.

ஊர், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். ஐரோப்பியப் பாதுகாப்பு குறித்த உச்சிமாநாடு. நேட்டோ தன் கதவைக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குத் திறப்பது பற்றி முறையாக ஆராயப் போவதாகச் சில நாட்கள் முன்புதான் அறிவித்திருந்தது. மேடையேறிய ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின், அமெரிக்க அதிபர் கிளிண்டனை வைத்துக்கொண்டே கொதித்தார். பனிப்போரின் பழைய பாரத்தையே இன்னும் இறக்கி வைக்காத ஐரோப்பா ஒரு 'குளிர் அமைதி'க்குள் விழப்போகிறது என்று எச்சரித்தார். கவனியுங்கள், இதைச் சொன்னவர் புதின் இல்லை. அமெரிக்காவின் நண்பர் என்று சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த யெல்ட்சின். ஆக, நேட்டோ விரிவாக்கம் பற்றிய மனக்குறை புதின் பிற்பாடு ஜோடித்த சாக்கு என்று சொல்வது சரியில்லை. அது நிஜமான குறை, ஆரம்பத்திலிருந்தே இருந்த குறை.

அதே நாளில், அதே மாநாட்டில், இதே யெல்ட்சின் இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சோவியத் யூனியன் உடைந்தபோது ஏறத்தாழ 1,900 நெடுந்தூர அணுகுண்டுகள் உக்ரைன் மண்ணில் தங்கிவிட்டன. எண்ணிக்கையில் உலகத்திலேயே மூன்றாவது பெரிய கையிருப்பு அது. ஏவுவதற்கான கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது உண்மைதான் என்றாலும், குண்டுகள் கிடந்தது உக்ரைனில். அத்தனையையும் ரஷ்யாவிடம் ஒப்படைக்க உக்ரைன் சம்மதித்தது. பதிலுக்கு அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் எழுதிக்கொடுத்தன: உக்ரைனின் இப்போதைய எல்லைகளை மதிப்போம், அதன்மேல் படைபலத்தைப் பிரயோகிக்க மாட்டோம், பொருளாதார ரீதியில் மிரட்ட மாட்டோம். 'குளிர் அமைதி' என்று பொருமிய நாளிலேயே, முழு விவரமும் தெரிந்தே ரஷ்யா கொடுத்த வாக்கு அது. "நேட்டோ விரிவடையாத வரைக்கும்தான்" என்ற நிபந்தனை எதுவும் அதில் கிடையாது.

அதற்கு ஆறு நாள் கழித்து, டிசம்பர் 11ஆம் தேதி, ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற செச்சினியாவுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்தன. அதன் தலைநகர் குரோஸ்னி தரைமட்டமானதைப் போலந்துக்காரர்களும் எஸ்டோனியர்களும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேட்டோவில் சேர அவர்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, அடிக்கடி எழும் வாதத்துக்கு வருவோம். "கிழக்கே ஓர் அங்குலம்கூட நகர மாட்டோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்து ஏமாற்றியது." இது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 1990 பிப்ரவரி 9ஆம் தேதி மாஸ்கோவில் சோவியத் தலைவர் கோர்பசேவைச் சந்தித்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், நேட்டோவின் அதிகார எல்லை கிழக்கே ஓர் அங்குலம்கூட நகராது என்ற வார்த்தைகளைப் பயன்படுத்தத்தான் செய்தார். அதற்குச் சில நாள் முன்பு மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷரும் பகிரங்கமாகவே இப்படிப் பேசியிருந்தார். பேச்சு நடந்தது ஜெர்மனியை இணைப்பது பற்றி. போலந்தும் ஹங்கேரியும் அப்போது சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தக் கூட்டணியில் இருந்தன, சோவியத் யூனியனே உடையாமல் இருந்தது. அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவாக 1990 செப்டம்பர் 12ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில், முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் வெளிநாட்டுப் படைகளோ அணு ஆயுதங்களோ வைக்கக் கூடாது என்று இருக்கிறது. மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வரி இல்லை. கோர்பசேவே 2014இல் ஒரு பேட்டியில், நேட்டோ விரிவாக்கம் என்ற விஷயம் அந்த ஆண்டுகளில் பேசப்படவே இல்லை என்றார். அதே பேட்டியில், பிற்பாடு நடந்த விரிவாக்கம் அன்றைக்குத் தரப்பட்ட உறுதிமொழிகளின் உணர்வுக்கு எதிரானது என்றும் சொன்னார்.

எனக்கு அவர் சொன்ன இரண்டுமே சரியாகப் படுகிறது. ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஆனால் பதமாகப் பேசி ஒரு காரியத்தைச் சாதித்துக்கொண்டு, "எழுதித் தரவில்லையே" என்று பிறகு கையை விரிப்பது பெரிய மனுஷத்தனம் இல்லை. தோற்றுப்போன ஒரு வல்லரசோடு அப்படி நடந்துகொண்டது புத்திசாலித்தனமும் இல்லை. சோவியத் யூனியனைக் கட்டுக்குள் வைக்கும் கொள்கையையே வகுத்துக் கொடுத்த மூத்த அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன், 1997இல் தொண்ணூறு வயது கடந்த நிலையில், நேட்டோ விரிவாக்கம் பனிப்போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொள்கையின் மிகக் கேடான தவறாக முடியும் என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

இந்த வாதம் முழுக்க ஒருவர் காணாமல் போகிறார்: நடுவில் இருக்கும் நாடுகள். நேட்டோ ஏதோ ராணுவத்தை அனுப்பி போலந்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி பேசுகிறோம். போலந்து போய்க் கதவைத் தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. சோவியத் டாங்கிகள் உள்ளே புகுந்த 1956 ஹங்கேரிக்கு நினைவில் இருந்தது, செக் மக்களுக்கு அதேபோல 1968. எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா என்ற பால்டிக் நாடுகள் மூன்றையும் 1940இல் சோவியத் யூனியன் அப்படியே விழுங்கியது. 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் பல பத்தாயிரம் பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பியது. அப்படி நாடுகடத்தப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளிடம் போய், "நீங்கள் கூட்டணி சேர்ந்தால் மாஸ்கோ கோபித்துக்கொள்ளும், அதனால் பாதுகாப்பு இல்லாமலே இருங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர்களின் பயத்துக்கு ரஷ்யாவின் பயத்தைவிடக் குறைந்த மதிப்புக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1997 மே 27ஆம் தேதி பாரிஸில் நேட்டோவும் ரஷ்யாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய உறுப்பு நாடுகளில் அணு ஆயுதம் வைக்கும் எண்ணமில்லை, அன்றைய சூழல் தொடரும் வரை பெருமளவு போர்ப்படைகளை அங்கே நிரந்தரமாக நிறுத்துவதில்லை என்று நேட்டோ சொன்னது. அதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கவும் செய்தது. 2013இல் ஜெர்மனியில் மிச்சமிருந்த கடைசி 22 அப்ராம்ஸ் டாங்கிகளையும் அமெரிக்கா கப்பலேற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல்முறையாக ஜெர்மன் மண்ணில் அமெரிக்காவின் ஒரு போர் டாங்கிகூட இல்லாமல் போனது. ரஷ்யாவை முற்றுகையிடத் திட்டம் போட்டவர்கள் செய்கிற வேலையா இது? பால்டிக் நாடுகளிலும் போலந்திலும் நேட்டோ தன் பன்னாட்டுப் படைப்பிரிவுகளை நிறுத்தியது 2017இல், உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோய் மூன்று வருடம் கழித்து.

அப்படியானால் அமெரிக்காவின் குற்றம் என்ன? என் கணக்கில் நேட்டோ விரிவாக்கம் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் வராது. விதிமுறைகள் எல்லோருக்கும் பொது என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, அவற்றைத் தானே மிதித்ததுதான் முதல் குற்றம்.

1999 மார்ச் 12ஆம் தேதி போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. பன்னிரண்டே நாளில், மார்ச் 24ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு சபையின் அனுமதி இல்லாமல் நேட்டோ யூகோஸ்லாவியா மேல் குண்டு வீசத் தொடங்கியது. அப்போது ரஷ்யப் பிரதமர் பிரிமகோவ் வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடன் கேட்டுப் போகிற பயணம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் ரஷ்யா தன் கடன்களைத் திருப்பித் தர முடியாமல் திவாலாகியிருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது தாக்குதல் நிச்சயம் என்ற செய்தி வந்தது. விமானத்தைத் திருப்பச் சொன்னார், மாஸ்கோவுக்கே போய் இறங்கினார். யூகோஸ்லாவியாவின் கோசோவோ மாகாணத்தில் அல்பேனியர்களுக்கு நடந்த கொடுமைகள் உண்மை, தலையிட வேண்டும் என்பதற்கு நியாயம் இருந்தது. ஆனால் பாதுகாப்பு சபையில் தன் வீட்டோவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நம்பிய ரஷ்யாவுக்கு, "நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் உன்னைத் தாண்டிப் போவோம்" என்பதே கிடைத்த பாடம். ரஷ்ய மக்களின் மனம் அமெரிக்காவிடமிருந்து விலகியதற்கு அந்த 78 நாள் குண்டுவீச்சு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பத்தாண்டில் அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேமிப்பு விலைவாசியில் கரைந்தது, 1990களின் நடுவில் ஆண்களின் சராசரி ஆயுள் 58 வயதுக்கும் கீழே போனது. அதையெல்லாம் 'ஜனநாயகம்' என்ற பெயரோடு சேர்த்தே அவர்கள் அனுபவித்தார்கள்.

அப்புறம் 2001. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அதிபர் புஷ்ஷை முதலில் அழைத்துப் பேசிய வெளிநாட்டுத் தலைவர் புதின். ஆப்கானிஸ்தான் போருக்காக மத்திய ஆசியாவில் அமெரிக்கத் தளங்கள் அமைவதை அவர் தடுக்கவில்லை. கியூபாவில் இருந்த ஒட்டுக்கேட்பு நிலையத்தையும் வியட்நாமில் இருந்த கடற்படைத் தளத்தையும் மூடினார். மூன்றே மாதத்தில், டிசம்பர் 13ஆம் தேதி, சோவியத் யூனியனோடு 1972இல் செய்த ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக புஷ் அறிவித்தார். இது ஏதோ தூசி படிந்த காகிதம் இல்லை. எதிரியின் ஏவுகணைகளைத் தடுக்கும் கேடயத்தை யாரும் பெரிதாகக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். ஒருவரிடம் கேடயம் இருந்தால் மற்றவர் இன்னும் அதிக ஏவுகணைகளைச் செய்வார் என்பதால் போட்டியை வேரிலேயே வெட்டிய ஏற்பாடு. விலகல் 2002 ஜூன் 13ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மறுநாளே, அணு ஆயுதங்களைக் குறைக்கும் இரண்டாவது ஸ்டார்ட் ஒப்பந்தம் இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ரஷ்யா அறிவித்தது. 2018 மார்ச் 1ஆம் தேதி எந்தக் கேடயத்தையும் மீறிப் பாயும் புதிய ஏவுகணைகளைத் திரையில் காட்டியபோது, புதின் இந்த விலகலைத்தான் காரணமாகச் சொன்னார். "அப்போது யாரும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை, இப்போது கேளுங்கள்" என்றார். அந்த வார்த்தையில் மிரட்டல் இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது பொய் இல்லை.

2003இல் இராக். இல்லாத ஆயுதங்களைக் காரணம் காட்டி, பாதுகாப்பு சபையின் சம்மதம் இல்லாமல், ஒரு நாட்டைப் பிடித்தார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2011இல் நடந்த லிபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ரஷ்யா விட்டுக்கொடுத்திருந்தது. பொதுமக்களைக் காக்கப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்ற 1973ஆம் எண் தீர்மானத்தை வீட்டோ செய்யாமல் ஒதுங்கி நின்றது. வீட்டோ வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அப்போதைய அதிபர் மெத்வதேவ். பிரதமராக இருந்த புதின் அந்தத் தீர்மானத்தைச் சிலுவைப்போர் அறைகூவலோடு ஒப்பிட்டுப் பேச, மெத்வதேவ் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இருவரும் வெளிப்படையாக மோதிக்கொண்ட அபூர்வமான தருணம் அது. தீர்மானம் மக்களைக் காக்க என்று தொடங்கி, லிபியத் தலைவர் கடாஃபியின் ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார். மேற்கை நம்பி இறங்கி வந்த மெத்வதேவ் ஏமாளியாக நின்றார், நம்பாதே என்ற புதின் அடுத்த ஆண்டு மறுபடி அதிபரானார். எதிர்த் தரப்பில் மிதவாதியாக இருப்பவனைத் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நேட்டோ விஷயத்திலேயே அமெரிக்கா செய்த மகா தவறு ஒன்றும் இருக்கிறது. அது 2008 ஏப்ரலில் புகாரெஸ்டில் நடந்தது. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உறுப்பினராக்கும் செயல்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று புஷ் பிடிவாதம் பிடித்தார். ஜெர்மனியின் மெர்கலும் பிரான்ஸின் சார்க்கோசியும் முடியாது என்றார்கள். இழுபறிக்குப் பிறகு ஒரு வாசகம் பிறந்தது: இந்த நாடுகள் நேட்டோவின் உறுப்பினர்கள் 'ஆவார்கள்'. எப்போது என்று தேதி கிடையாது, அதுவரை அவர்களை யார் காப்பது என்று பதில் கிடையாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ரஷ்யாவை உசுப்பிவிட இது போதும், உக்ரைனைக் காக்க இது போதாது. சேர்ப்பதானால் சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்கோவில் அப்போது அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் பர்ன்ஸ், பிற்பாடு சி.ஐ.ஏ. இயக்குநரானவர், உக்ரைன் விஷயத்தில் ரஷ்யாவில் புதின் மட்டுமல்ல, எல்லாத் தரப்பும் எதிர்க்கும் என்று சில வாரங்களுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார். அதையும் மீறித்தான் இது நடந்தது. ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் வெடித்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வழக்கு ரஷ்யாவுக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது போலத் தோன்றும். 2014ஐக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது அப்படியே மாறிவிடும்.

2010இல் உக்ரைன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: நாங்கள் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம். அதே ஆண்டு, கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை இருப்பதற்கான குத்தகையை 2042 வரை நீட்டித்தும் கொடுத்தது. ரஷ்யா கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன. 2013 நவம்பரில் கீவ் நகரத்தில் மக்கள் தெருவில் இறங்கியது நேட்டோவுக்காக அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்வதாக இருந்த வர்த்தக உடன்படிக்கையை அதிபர் யானுகோவிச் கடைசி நேரத்தில் கைவிட்டதற்காக. அமெரிக்க அதிகாரிகள் அங்கே மூக்கை நுழைத்தார்கள், அடுத்த அரசில் யார் இருக்க வேண்டும் என்று அவர்கள் பேசிய தொலைபேசி உரையாடல் வெளியாகி அசிங்கப்பட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் உறைபனியில் மைதான் சதுக்கத்தில் நின்ற லட்சக்கணக்கான மக்களைத் தொலைபேசியில் உண்டாக்க முடியாது. பிப்ரவரி 20ஆம் தேதி துப்பாக்கிச்சூட்டில் பல பத்துப் பேர் செத்துவிழுந்தார்கள், அடுத்த ஓரிரு நாளில் யானுகோவிச் தலைநகரை விட்டே ஓடினார்.

பிப்ரவரி 27 விடியற்காலை, கிரிமியாவின் தலைநகர் சிம்ஃபெரோபோலில், எந்த நாட்டுச் சின்னமும் இல்லாத பச்சைச் சீருடை அணிந்த ஆயுததாரிகள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள், ரஷ்யக் கொடியை ஏற்றினார்கள். அவர்களின் காவலில் கூடிய சபை ஒரு புதிய பிரதமரைத் தேர்ந்தெடுத்தது, பொதுவாக்கெடுப்புக்கும் நாள் குறித்தது. மார்ச் 16ஆம் தேதி வாக்கெடுப்பு, 18ஆம் தேதி இணைப்பு. அவர்கள் ரஷ்ய வீரர்களே இல்லை என்று முதலில் சாதித்த புதின், ஏப்ரலில் எங்கள் வீரர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆக, நேட்டோவில் சேர மாட்டேன் என்று சட்டம் போட்டு வைத்திருந்த ஒரு நாட்டின் நிலம், நேட்டோவைக் காரணம் காட்டிப் பறிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை உக்ரைன் கைவிட்டது அந்த ஆண்டு டிசம்பரில்தான். புடாபெஸ்டில் யெல்ட்சின் கொடுத்த வாக்குக்கு அங்கே மதிப்பில்லாமல் போனது. அந்த வாக்கில் கையெழுத்திட்ட அமெரிக்காவும் பிரிட்டனும் பொருளாதாரத் தடையோடு நிறுத்திக்கொண்டன. கொல்லும் ஆயுதங்களை உக்ரைனுக்கு அனுப்ப ஒபாமா கடைசி வரை மறுத்தார்.

2021 டிசம்பரில் ரஷ்யா இரண்டு வரைவு ஒப்பந்தங்களை வெளியிட்டது. நேட்டோ தன் படைகளை 1997 மே 27க்கு முந்தைய நிலைக்குப் பின்வாங்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. அது நடக்காது என்று கேட்டவர்களுக்கே தெரியும். அதற்கு அமெரிக்கா கொடுத்த பதிலில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படாமலே போனது. ருமேனியாவிலும் போலந்திலும் உள்ள அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு நிலையங்களிலிருந்து, தரை இலக்குகளைத் தாக்கும் டொமஹாக் ஏவுகணைகளை ஏவ முடியும் என்று ரஷ்யா பல வருடமாகக் குற்றம் சாட்டி வந்தது. அதில் நியாயம் உண்டு, அங்குள்ள ஏவுகலங்கள், டொமஹாக்கை ஏவும் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் இருக்கும் அதே வகைதான். அங்கே டொமஹாக் இல்லை என்பதை ரஷ்யா சரிபார்த்துக்கொள்ள வழி செய்கிறோம் என்றது அமெரிக்கா. பாதுகாப்புதான் கவலை என்றால் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அது. ரஷ்யா அதைப் பிடிக்கவில்லை.

ஏன் என்பதற்கான விடையைப் புதின் தானே எழுதி வைத்திருக்கிறார். 2021 ஜூலையில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்பதுதான் வாதம். 2022 பிப்ரவரி 21 உரையில், இன்றைய உக்ரைன் லெனின் உண்டாக்கியது என்றார். மூன்று நாளில் படை புகுந்தது. ஒரு நாடு பக்கத்தில் ஏவுகணை வரக்கூடாது என்று அஞ்சினால், ஏவுகணையைப் பற்றிப் பேசும். பக்கத்து நாடு என்று ஒன்று இருப்பதே பிழை என்று பேசாது. செப்டம்பரில் உக்ரைனின் நான்கு மாகாணங்களை இணைத்ததாக அறிவித்தார்கள். ஸபோரீஷியா மாகாணத்தை இணைத்தபோது ஸபோரீஷியா நகரமே அவர்கள் கையில் இல்லை. பாதுகாப்புக்காகப் போரிட்டவர்கள் எதற்கு அடுத்தவர் நிலத்தைத் தங்கள் அரசியல் சாசனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்?

இன்னொரு பக்கத்தில் பின்லாந்து. ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கும் நீளமான எல்லை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சில மணி நேரப் பயணம். பல பத்தாண்டுகள் எந்த அணியிலும் சேராமல் இருந்த அந்த நாடு, உக்ரைனில் நடந்ததைப் பார்த்து 2023 ஏப்ரல் 4ஆம் தேதி நேட்டோவில் சேர்ந்தது. நேட்டோவோடு ரஷ்யாவுக்கு இருந்த நில எல்லை ஒரே நாளில் இரட்டிப்பானது. முந்தைய ஆண்டு அந்த விண்ணப்பம் பற்றிக் கேட்டபோது, அவர்கள் சேர்வதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, அங்கே படைகளும் தளங்களும் வந்தால் பதில் நடவடிக்கை எடுப்போம் என்று சொல்லி முடித்தார் புதின். நேட்டோ எல்லைக்கு வருவதே உயிர்ப் பிரச்சினை என்றால் இங்கேயும் அப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? உக்ரைன் விஷயத்தில் வேறொன்று இருக்கிறது, அது பழைய பேரரசின் உரிமை கோரல்.

படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு பாதுகாப்பு சபையில் கென்யாவின் தூதர் மார்ட்டின் கிமானி பேசியது இந்த இடத்தில் பொருத்தமானது. ஆப்பிரிக்காவின் எல்லைகளை லண்டனிலும் பாரிஸிலும் லிஸ்பனிலும் உட்கார்ந்து கோடு கிழித்தார்கள், ஒவ்வொரு எல்லைக்கு அந்தப் பக்கமும் எங்கள் சொந்தங்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அந்த எல்லைகளை ஏற்றுக்கொண்டோம், இல்லாவிட்டால் இன்றைக்கும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். அதே உரையில், பாதுகாப்பு சபையின் உறுப்பினர்கள் உட்பட வல்லரசுகள் சர்வதேசச் சட்டத்தை மீறி வருவதையும் கண்டித்தார். மார்ச் 2ஆம் தேதி பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யா வெளியேற வேண்டும் என்று வாக்களித்தன. எதிர்த்தவை, ரஷ்யாவையும் சேர்த்து, ஐந்து. அமெரிக்காவின் இராக் போரை எதிர்த்த நாடுகள் பல அந்த 141இல் உண்டு. இராக்கைச் சொல்லி உக்ரைனை நியாயப்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2003இல் எது தவறோ அதுவேதான் 2022இலும் தவறு.

பழியைச் சரிபாதியாகப் பிரிக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற ஒரே துறை அணு ஆயுதக் கட்டுப்பாடு. உலகத்தின் அணுகுண்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த இரு நாடுகளிடம் இருக்கிறது. 1987இல் ரீகனும் கோர்பசேவும் செய்துகொண்ட நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்தால் 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. ரஷ்யா தடை செய்யப்பட்ட தூரத்துக்குப் பாயும் புதிய ஏவுகணையைத் தயாரித்ததாக அமெரிக்கா குற்றம் சாட்டியது, 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியது. அந்த மாதமே, அதுவரை தடைசெய்யப்பட்டிருந்த வகை ஏவுகணை ஒன்றைத் தானும் சோதித்தது. வானிலிருந்து ஒருவர் நாட்டை ஒருவர் படமெடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை அமெரிக்கா 2020இல் விட்டது, ரஷ்யா 2021இல் விட்டது. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை அமெரிக்கா எப்போதுமே உறுதி செய்யவில்லை, அதையே சாக்காக்கி 2023இல் ரஷ்யா தன் உறுதியைத் திரும்பப் பெற்றது.

மிச்சமிருந்தது 2010இல் செய்துகொண்ட 'புதிய ஸ்டார்ட்' ஒப்பந்தம். ஆளுக்கு 1,550 நெடுந்தூர அணுகுண்டுகளுக்கு மேல் தயார் நிலையில் வைக்கக் கூடாது என்பது உச்சவரம்பு. என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிட முக்கியம் அதோடு வந்த பழக்கம். இவர்கள் போய் அவர்கள் தளத்தில் மூடியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்கள், அவர்கள் வந்து இங்கே எண்ணுவார்கள். எந்த ஏவுகணை எங்கே நகர்கிறது என்று ஒருவருக்கொருவர் அனுப்பிய அறிவிப்புகள் மட்டும் 25,000க்கு மேல். கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் நின்ற நேரடிச் சோதனைகள் பிறகு தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பிப்ரவரி 5 வரைதான் இருந்தது.

இந்தத் தகவல் பரிமாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1995 ஜனவரி 25 சாட்சி. வடதுருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. நார்வே முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தது, அது ரஷ்ய ராடார் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. திரையில் தெரிந்த புள்ளி, நீர்மூழ்கியிலிருந்து அமெரிக்கா ஏவிய ஏவுகணை போல இருந்தது. அணு ஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட யெல்ட்சினிடம் இருந்த பெட்டி இயக்கப்பட்டது. சில நிமிடங்களில் அது ரஷ்யாவை நோக்கி வரவில்லை என்று தெரிந்து மூச்சு விட்டார்கள். இரு நாடுகளும் நட்பாக இருந்ததாகச் சொல்லப்படும் காலத்தில், ஒரு அறிவிப்பு மேசை மாறிப் போனதால் வந்த நிலைமை அது. ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டிச் சொல்லும் 1988ஆம் ஆண்டு உடன்பாட்டை மட்டும் தொடர்ந்து மதிப்பதாக 2023இல் ரஷ்யா சொன்னது. சீனாவும் வராமல் புதிய ஒப்பந்தம் கிடையாது என்று வாஷிங்டனும், பிரிட்டனும் பிரான்ஸும் வர வேண்டும் என்று மாஸ்கோவும் மாறி மாறிச் சொல்லி வந்திருக்கின்றன. அந்த மூன்று நாடுகளின் குண்டுகளைக் கூட்டினாலும் இந்த இரண்டில் ஒன்றின் கையிருப்பில் பாதிகூட வராது. உக்ரைன் போர் முடிகிறதோ இல்லையோ, இவர்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசிவிடக்கூடிய விஷயம் இது.